நடுத்தண்டில் சிவப்புப் பட்டை

மாரண்டஹள்ளி
2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.10. உடைந்த அம்பு ஒன்று. உடையாத அம்பு பதினொன்று.

தெரசாக்கா,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். "சொல்றதைக் காகிதத்துல எழுதி அனுப்பச் சொல்லு"ன்னு நீங்கள் சொன்னதாக அருள்குமார் சொன்னான். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சிரித்தான் வேறு. அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். போன ஞாயிறு காலை 8.25, அதியமான்கோட்டையில் நாம் அம்பு விட்டுப் பழகும் அருள்குமார் கொல்லை. நீங்கள் விட்ட ஒன்பதாவது அம்பு வில்லைத் தாண்டும்போதே நடுவில் முறிந்தது. பின்பாதி உங்கள் இடது கைக்குள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே போனது. அம்பைச் செய்தவன் நான். காரணம் கண்டுபிடிக்க வேண்டியவனும் நான்தான்.

மீதிப் பதினொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்தேன். தண்டை இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் தொள்ளாயிரம் கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று டயல் கேஜில் பார்த்தேன். பதினொன்றும் ஒரே மாதிரி வளைகின்றன. எடை வித்தியாசம் அதிகபட்சம் அரை கிராம். நான் ஓசூர் கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பத்து மைக்ரான் தப்பினாலும் பாகத்தைத் தூக்கிச் சிவப்பு டப்பாவில் போடுகிறவன். அதனால் மரத்தில் கோளாறு இல்லை, செய்முறையிலும் இல்லை.

இரண்டு காரணம்தான் மிச்சம். ஒன்று, நாணை நீங்கள் இருபத்தேழு அங்குலம் இழுப்பதாகச் சொன்னீர்கள், அருள்குமார் எடுத்த வீடியோவில் இருபத்தெட்டு வருகிறது. இரண்டு, விடுவதற்கு முன் தண்டைக் காதருகே பிடித்து லேசாக வளைக்க வேண்டும், விரிசல் இருந்தால் 'டிக்' என்று கேட்கும் என்று எல்லோருக்கும் எழுதி அனுப்பியிருந்தேன். வளைத்துப் பார்த்தீர்களா?

ஏப்ரல் 6ஆம் தேதி மைசூரு பக்கம் நடக்கும் மரவில் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. ஆளுக்குப் பன்னிரண்டு அம்பு. நான் புது மரம் பிளக்க வேண்டும். வருகிறீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

முனிராஜ்

பி.கு: அந்த உடைந்த துண்டுகள் எங்கே? குப்பையில் போட்டிருந்தாலும் பரவாயில்லை.


நல்லம்பள்ளி
24.1.2025

முனிராஜு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "கை எப்படி இருக்குதுன்னு எந்த எடத்துல கேட்டிருக்கான்?" என்றது. திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். எந்த இடத்திலும் இல்லை. உன் நம்பரை பிளாக் செய்ததும் அதற்காகத்தான். அடிபட்ட அன்றைக்கே பதினாலு மெசேஜ், இரண்டு வரைபடம். ஒன்றிலாவது அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால் போனிலேயே பேசியிருப்பேன்.

நீ கேட்காததற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி ஆஸ்பத்திரியில் மூன்று மரச் சிம்பு எடுத்தார்கள், ஏழு தையல். கட்டைவிரல் மடங்கவில்லை. மடங்கும் என்கிறார் டாக்டர். கொட்டகையில் பட்டுப்புழு கடைசிப் பருவத்தில் இருந்தது உனக்கே தெரியும். ஒரு நாளைக்கு நாலு தடவை இலை போட வேண்டும். அம்மா ஒண்டியாக மல்பெரி அறுத்துச் சுமந்தது. அறுபத்தோரு வயசு. நான் வரப்பில் நின்று, "அந்தப் பக்கம் முத்தல் எலைம்மா, இந்தப் பக்கம் அறுங்க"ன்னு கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். "கைதான் போச்சு, வாய் நல்லாத்தான் இருக்குது"ன்னு அது திட்டியது.

இருபத்தெட்டு அங்குலம் இழுத்தேனோ என்னவோ. மூன்று வருசமாக அப்படித்தான் இழுக்கிறேன். மூன்று வருசமாக உன் அம்பு உடைந்ததில்லை. வளைத்துப் பார்க்கவில்லை, உண்மைதான். உன் அம்பு என்பதால் பார்க்கவில்லை.

துண்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீ எப்போதும் இறகுக்கு முன்னால் ஒரு சிவப்புப் பட்டை போடுவாய், அவ்வளவுதான். இந்தத் தடவை பன்னிரண்டு அம்பிலும் நடுத்தண்டில் இரண்டாவதாக ஒரு பட்டை இருந்தது. உடைந்தது சரியாக அந்தப் பட்டையில்தான். சுரண்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. சுரண்டவில்லை. நீயே சொல்வாய் என்று வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது?

தெரசா


மாரண்டஹள்ளி
2025 ஜனவரி 29, புதன், இரண்டாவது ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன், மதியம் 12.40.

தெரசாக்கா,

கை எப்படி இருக்கிறது? கேட்காதது தப்பு. அம்மாவிடமும் சொல்லுங்கள்.

பட்டை அழகுக்காகப் போட்டது. இன்னொரு காரணம், அம்பு புல்லுக்குள் போனால் கண்ணுக்குத் தெரியும். பெயிண்ட் கனம் மரத்தின் வலுவைப் பாதிக்காது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். முறிவு அந்த இடத்தில் வந்தது இயல்புதான், தண்டு அதிகம் வளைவது நடுவில்தான்.

எனக்கு இப்போது மரத்தின் மேல்தான் சந்தேகம். இந்தத் தடவை கம்பெனியில் மெஷின் பெட்டி பிரித்துக் கிடைத்த பலகை எந்த நாட்டுப் பைன் என்று தெரியவில்லை. ஜெர்மனி மெஷின் வந்த பெட்டி நல்லது, இது வேறு. ஈரப்பதம் அளந்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

துண்டுகளை அனுப்பி வைத்தால் இங்கே லென்ஸில் பார்க்கலாம்.

முனிராஜ்


நல்லம்பள்ளி
4.2.2025

முனிராஜு,

புல்லில் தேடுவதற்காகத்தான் போன வருசமே இறகை மஞ்சளாக மாற்றினாய். "இனிமே இருட்டுலகூட கண்டுபிடிக்கலாங்கா"ன்னு நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை.

கேட்டது ஒன்று. நீ ஜெர்மனி வரைக்கும் போய்வந்துவிட்டாய்.

போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல். எனக்கு இனி உன் அம்பு வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, மூன்று நாள் வைத்திருந்து எழுதுகிறேன். வில்லை உத்தரத்தில் ஏற்றிவிட்டேன்.

தெரசா


மாரண்டஹள்ளி
2025 பிப்ரவரி 16, ஞாயிறு, காலை 5.50. இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்தேன். இது ஐந்தாவது.

தெரசாக்கா,

பட்டைக்குக் கீழே விரிசல் இருந்தது. விரிசலுக்குள் பசை இருந்தது. இரண்டையும் வைத்தது நான்.

ஜனவரி 11, சனிக்கிழமை மாலை. பன்னிரண்டு அம்பும் முடிந்துவிட்டன. ஒவ்வொன்றையும் வீட்டுக்குப் பின்னால் தேங்காய்நார் மூட்டையில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் எண் அம்பு மூட்டையைத் தப்பி வேலிக் கல்லுக்காலில் மோதிச் சரிந்தது. போய் எடுத்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை. நகத்தை ஓட்டினால் நடுவில் ஓர் இடத்தில் தட்டியது. மயிர் கனம், இரண்டு விரற்கடை நீளம்.

எங்கம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தது. "என்னடா மொகரை இப்பிடிப் போவுது? ஒடைஞ்சுதா?" என்றது.

"ஒடையல."

"ஒடையலைன்னா எதுக்கு மோந்து பாக்கற? அடுப்புல போடு, வேற செய்யி."

வேறு செய்யத் தண்டு இல்லை. இருந்தாலும் வார்னிஷ் காய நாலு நாள் வேண்டும். ஞாயிறு காலை பன்னிரண்டு தருகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். பதினொன்று கொண்டுவந்து, "ஒன்னு கொறையுது"ன்னு உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் அவ்வளவுதான், அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

உடனடிப் பசையை விரிசலுக்குள் ஓடவிட்டேன். காய்ந்ததும் தேய்த்தேன். தழும்பு தெரிந்தது. மேலே சிவப்புப் பட்டை போட்டேன். இப்போது அது ஒன்றில் மட்டும் இரண்டு பட்டை. தனியாகத் தெரிந்தது. அதனால் மற்றப் பதினொன்றுக்கும் நடுவில் பட்டை போட்டேன்.

ஒட்டியதையாவது அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினொரு பட்டை போட ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒன்றரை மணி நேரத்துக்கு அவசரம் என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள்.

அதை உங்களிடம் கொடுக்கும் எண்ணம் இல்லை. கொல்லைக்கு வந்ததும் அந்த ஒன்றை உருவி என் அம்புத் தூணியில் வைத்துக்கொண்டு, பிறகு மாற்றித் தரலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு அம்பின் எண்ணையும் நடுத்தண்டில்தான் எழுதுவேன். அந்த எண்ணின் மேலேயே பட்டை போட்டுவிட்டேன். காலையில் பன்னிரண்டையும் கையில் வைத்துப் புரட்டினேன். எது என்று எனக்கே தெரியவில்லை. அருள்குமார், "டேய், அம்பை வச்சி ஜோசியமா பாக்கற? குடுடா"ன்னு பிடுங்கி உங்கள் தூணியில் போட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு அம்பு விட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டும் நன்றாகப் போனதால் பசை நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

வளைத்துப் பார்த்தீர்களா என்று உங்களைக் கேட்டேன். நான் சனிக்கிழமையே, ஒட்டுவதற்கு முன், வளைத்துப் பார்த்தேன். 'டிக்' என்று கேட்டது.

போட்டியிலிருந்து உங்கள் பெயரை இன்னும் எடுக்கவில்லை. மார்ச் 10 வரை நேரம் இருக்கிறது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். என் பெயரை எடுத்துவிட்டேன்.

முனிராஜ்


நல்லம்பள்ளி
28.2.2025

முனிராஜு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டினால் மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறிவிடும்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். தண்டு ஒட்டினதைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் காலையில் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய் பார், அதுதான். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது அம்புக்கோ நாலாவதுக்கோ. "என்னடா பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற?"ன்னு கேட்டேன். "நைட் ஷிப்ட் அக்கா, தூக்கம்" என்றாய். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்பைக் கீழே வைத்துவிட்டு டீக்குப் போயிருப்போம்.

நேற்று அருள்குமார் வந்தான். விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டான். பிறகு, "ஆனா அக்கா, பன்னெண்டும் ஒரே மாதிரி ரெட்டைப் பட்டையில பாக்க ஜம்முனுதான் இருந்துச்சு" என்றான். கையில் கிடைத்த இலைக்கூடையை விட்டெறிந்தேன். இடது கையால். கட்டைவிரல் மடங்கிக் கூடையைப் பிடித்திருந்தது. ஆறு வாரத்தில் நேற்றுத்தான் முதல் தடவை. அருள்குமார் கூடையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "இன்னொரு தடவை எறிங்க, பழகட்டும்" என்கிறான்.

சரி. என் பெயரை எடுக்க வேண்டாம்.

ஆனால் இப்படித்தான். வில்லை உத்தரத்திலிருந்து இறக்கி அருள்குமாரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ செய்யும் ஒவ்வொரு அம்பையும் முதலில் நீயே விட வேண்டும். என் வில்லில், இருபத்தெட்டு அங்குலம் இழுத்து, ஐந்து தடவை. கையுறை கூடாது, வெறும் இடது கை. டயல் கேஜ் என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதாதே. உன் கை விட்டதா என்று மட்டும் எழுது.

போட்டிக்கு நீ வராதே. நீ பக்கத்தில் நின்றால் நான் குறியைப் பார்க்க மாட்டேன், உன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

இறகு கட்டப் பட்டுநூல் ஒரு கண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். போன தடவை அம்புகளில் நைலான் நூல் கட்டியிருந்தாய். என்னிடம் கேட்டிருந்தால் தந்திருப்பேன். அதையும் கேட்கவில்லை.

தெரசா


மாரண்டஹள்ளி
2025 மார்ச் 23, ஞாயிறு, மாலை 6.15. அனுப்புவது பதினொரு அம்பு.

தெரசாக்கா,

இந்த பிவிசி குழாய்க்குள் பதினொன்று இருக்கின்றன. பன்னிரண்டு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஜெர்மனிப் பெட்டிப் பலகைதான். இந்தத் தடவை ரம்பம் வைக்கவே இல்லை, கத்தியை வைத்துத் தட்டிப் பிளந்தேன். அறுத்தால் ரம்பம் தன் இஷ்டத்துக்குப் போகும், நார் பாதியில் வெட்டுப்படும். பிளந்தால் மரம் தன் நார் போகும் வழியிலேயே பிரியும். கோணலாகப் பிரிந்ததை எல்லாம் எங்கம்மா அடுப்புக்கு எடுத்துக்கொண்டது. "இப்பத்தான் ஒனக்கு அறிவு வந்திருக்குது, மொதல்லயே வெறகாப் பொளந்து குடுக்கற" என்றது. இழைத்து உருட்டித் தேய்த்து முடித்தபோது பதினாலு தண்டு. அதில் இரண்டு கழிந்தது. எதில் கழிந்தது என்று எழுதக் கூடாது என்றீர்கள். எழுதவில்லை.

மிச்சம் பன்னிரண்டு. வான்கோழி இறகு வைத்து, உங்கள் பட்டுநூலால் கட்டினேன்.

போன ஞாயிறு விட ஆரம்பித்தேன். உங்கள் வில், வெறும் கை. முதல் அம்பை நாணில் மாட்டி இழுத்தேன். இறக்கிவிட்டேன். மறுபடி இழுத்தேன். விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். ஆறு அம்பு, முப்பது தடவை, முப்பது தடவையும் கையைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் மூன்று வருசமாக ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

ஏழாவது அம்பு. இழுத்தேன், விட முடியவில்லை. மூன்று தடவை இழுத்து மூன்று தடவையும் இறக்கினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், நகத்தை ஓட்டினேன், காதருகே வளைத்தேன். சத்தம் இல்லை. எண்களில் பார்த்தால் பன்னிரண்டில் அதுதான் நல்லது. ஆனால் கை விடவில்லை. அதை ஒதுக்கி வைத்துவிட்டு மீதி ஐந்தை விட்டேன். ஐந்தும் சரி. இந்த ஞாயிறு திரும்ப ஏழாவதை எடுத்தேன். அப்போதும் விடவில்லை.

முழங்காலில் வைத்து முறித்தேன். நீளமாக, நார் நாராகத்தான் பிரிந்தது. நல்ல மரம் அப்படித்தான் உடையும். விரிசல் இல்லை, கோணல் இல்லை. நல்ல அம்பைத்தான் உடைத்திருக்கிறேன். சரியா தப்பா என்று தெரியவில்லை. என் கை விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பதினொன்றை விட்டது. அதனால் பதினொன்று.

இன்னொன்று செய்யலாம், வார்னிஷ் காய நாலு நாள். தபாலுக்கு மூன்று நாள். நீங்கள் பழக வேண்டும். அவசரப்பட்டால் முடியும். அவசரப்படவில்லை.

பட்டை எதுவும் இல்லை. இறகுக்கு முன்னால் போடுவதும் இல்லை. தண்டு முழுக்க மரம் தெரியும். வில்லை அருள்குமார் கொண்டுவருவான்.

முனிராஜ்


நல்லம்பள்ளி
7.4.2025, திங்கள்

முனிராஜு,

நேற்று இரவு திரும்பிவிட்டோம். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அருள்குமார் மைசூர்பாகு தின்றுகொண்டே வந்தான்.

இருபத்துமூன்று பேரில் பதினான்காவதாக வந்திருக்கிறேன். கட்டைவிரல் இன்னும் முக்கால்தான் மடங்குகிறது. வில்லைப் பிடித்த பிடி முன்மாதிரி இல்லை. அதற்கு இது பரவாயில்லை என்று எனக்கே தோன்றுகிறது.

கோட்டில் போய் நின்றதும் முதல் அம்பை எடுத்துக் காதருகே வளைத்தேன். இப்போது வளைக்கிறேன். யார் அம்பாக இருந்தாலும் வளைப்பேன். அது இனிமேல் மாறாது, உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சத்தம் இல்லை. விட்டேன். விட்டதும் கையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவதுக்கும் பார்த்தேன். ஆறாவதுக்குப் பிறகு பார்த்ததாக ஞாபகம் இல்லை.

சுற்றுக்கு மூன்று அம்பு விட வேண்டும், கடைசிச் சுற்றில் என்னிடம் இரண்டுதான். இரண்டையும் விட்டுவிட்டு நின்றேன். மற்றவர்கள் எல்லாம் மூன்றாவதை மாட்டுகிறார்கள். நடுவராக இருந்த பெரியவர் என் தூணியைப் பார்த்துவிட்டு, "இன்னொந்து எல்லி?" என்றார். இன்னொன்று எங்கே என்கிறார். "இல்லைங்க, பதினொன்னுதான்" என்றேன். கன்னடத்தில் அருள்குமார் ஏதோ விளக்கினான். என்ன சொன்னான் என்று கேட்டால், "செஞ்சவன் கை பதினொன்னைத்தான் விட்டுச்சுன்னு சொன்னேங்கா" என்கிறான். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, என் பெயருக்கு நேராகப் பன்னிரண்டாவது கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டார். அந்த ஓர் அம்பு இருந்து நல்லபடி பட்டிருந்தால் பத்தாவதாக வந்திருப்பேன். வெறும் வில்லோடு மற்றவர்கள் விட்டு முடியும்வரை கோட்டிலேயே நின்றேன். நகரத் தோன்றவில்லை.

உடைந்த துண்டுகளை இத்துடன் அனுப்புகிறேன். சுற்றின காகிதத்தைப் பிரித்துப் பார். பட்டையை நான் சுரண்டவே இல்லை.

வரும் ஞாயிறு கொல்லைக்கு வருவேன். அம்மா உன்னை வீட்டுக்கும் வரச் சொன்னது. "அந்த அம்புக்காரன் நம்ம வூட்டுப் பக்கம் வரட்டும், நாலு வார்த்தை கேக்கணும்" என்றது. கடைசியில் அதற்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நாலு வார்த்தையில் நிற்காது, தெரிந்துகொண்டு வா.

தெரசா


மாரண்டஹள்ளி
2025 ஏப்ரல் 10, வியாழன், காலை 6.05. உடைந்த துண்டு இரண்டு, வந்து சேர்ந்தது.

தெரசாக்கா,

பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி பட்டை முழுசாக இருந்தது. நானே சுரண்டினேன். பசைக்குக் கீழே என் கையெழுத்தில் ஐந்து என்று இருக்கிறது.

நீளமாக எழுத எனக்கு வராது. செய்யப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

1. இந்த இரண்டு துண்டையும் என் வேலை மேசைக்கு மேலே ஆணி அடித்து மாட்டுவேன். எங்கம்மா அடுப்புக்குக் கேட்டாலும் தர மாட்டேன்.

2. வெள்ளிக்கிழமை கம்பெனியில் இரண்டு மரப்பெட்டி பிரிக்கிறார்கள். பலகை கேட்டு வைத்திருக்கிறேன். பிளப்பேன், அறுக்க மாட்டேன்.

3. தண்டில் இனி பெயிண்ட் கிடையாது. அம்பின் எண்ணை மட்டும் வார்னிஷுக்குக் கீழே, முனைக்குப் பக்கத்தில், படிக்கிற மாதிரி எழுதுவேன்.

4. யாருக்குச் செய்தாலும் முதல் ஐந்து தடவை என் கைதான். பன்னிரண்டு கேட்டு ஒன்பது தேறினால் ஒன்பது என்று முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

5. பட்டுநூல் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு கண்டு வேண்டும். கேட்டுவிட்டேன்.

6. ஞாயிறு காலை எட்டு மணிக்கு முதலில் நல்லம்பள்ளி, அப்புறம்தான் கொல்லை. உங்கள் அம்மா பேசி முடிக்கும்வரை நடுவில் பேச மாட்டேன். ஜெர்மனி பற்றியும் பேச மாட்டேன்.

7. அதற்கு முன்னால், வாசலிலேயே, கை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். பதில் வரும்வரை நிற்பேன்.

முனிராஜ்